தானமாக வந்த சோலையும் அதன் பரிபாலனமும்

நிலத்தைத் தானமாகக் கொடுப்பவரை உலகம் போற்றுகிறது. அந்நிலத்தை நாற்பது ஆண்டுகள் கண்ணுங் கருத்துமாகக் காத்து நிற்பவரை அது அவ்வளவாக நினைப்பதில்லை. கல்லில் பெயர் பொறிக்கப்படுவதும், திறப்பு விழாவில் மாலை சூட்டப்படுவதும் முன்னவருக்கே வாய்க்கின்றன. நம் நாட்டில் தருமத்திற்கென விடப்பட்ட குளங்களும் சத்திரங்களும் நந்தவனங்களும் எத்தனையோ அழிந்துபோயின. கொடுத்தவரின் மனம் குறுகியதால் அவை அழியவில்லை. பெற்றுக்கொண்டவர்கள் பின்னாளைக்கு ஏற்பாடு செய்யாததால் அழிந்தன. இயற்கையைப் பேணும் பூங்காக்களுக்கென நிலம் கொடுக்கும் வழக்கம் இன்று பரவி வருகிறது. அந்நிலங்களுக்கும் அதே கதி நேராதிருக்க என்ன செய்தல் வேண்டும் என்பதை அங்கத்தினர் அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

வடபழனி வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் மனைப்பிரிவோ பெருங்கட்டடமோ அமைப்பவர், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்த வெளிக்கென ஒதுக்கி, தானப் பத்திரத்தின் வழியே விலையின்றி உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். ஒரு காலத்தில் தோட்டங்களும், பின்னர்ப் படப்பிடிப்பு நிலையங்களும் நிறைந்திருந்த ஆற்காடு சாலையின் இருமருங்கிலும் இன்று அடுக்கு மாளிகைகள் எழுந்து நிற்கின்றன. இவ்வட்டாரத்தில் இனி நம் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிடைக்கக்கூடிய பசுமை பெரும்பாலும் இவ்வாறு தானப் பத்திரத்தின் மூலம் வரும் நிலமே. அது கிடைத்த பின் என்ன ஆகிறது? சில இடங்களில் நல்ல பூங்கா எழுகிறது. சில இடங்களில் சுற்றுச்சுவர் எழுப்பப்பட்டு, பூட்டுத் தொங்கி, குப்பை சேர்கிறது. வேறு சில இடங்களில் புல்தரையும் சிமெண்டுப் பாதையும் அமைந்து, ஒரு குருவி அமரவும் புதர் இல்லாமற் போகிறது.

நெசவாளருக்கும் பயிர்த்தொழிலாளருக்கும் உரிய இத்திங்களிதழில் பூங்காவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. 1920களில் மாம்பலத்து நெடிய ஏரியின் நீரை வடித்துவிட்டுத் தியாகராய நகரை எழுப்பினார்கள். அந்த ஏரி ஏந்திய மழைநீருக்கு இடமில்லாமற் போன பயனை, 2015ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2023ஆம் ஆண்டு மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதியினர் வீட்டு வாயிலிலேயே கண்டனர். தேங்கிய நீரில் தறிக்குழி நிறைந்தால் நெசவாளனுக்கு வேலை நின்றுபோகும். நிலத்தடி நீர் உப்பானால் தோட்டக்காரனுக்குப் பயிர் நின்றுபோகும். நீரை ஏந்தி நிலத்துள் இறக்கும் ஒரு பள்ளம், தேனீக்களுக்குப் பூ, நாட்டு விதைகளுக்கு ஒரு புகலிடம் ஆகியவை அழகுக்கு மட்டும் உரியவையல்ல. மேலும், சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் வளர்ந்த சாயவேரே ஒரு காலத்தில் நம் பருத்தித் துணிக்குச் செந்நிறம் தந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைச் சாயம் வந்தபின் அச்செடியை நாம் மறந்தோம். அது முற்றும் மறையாதிருக்க எங்கேனும் ஓரிடம் வேண்டும். ஆகவே இது நம் தொழிலோடு ஒட்டிய விவகாரமே.

தானமாக வந்த பூங்காவிற்கு முதலாவதாக வேண்டுவது, அது குறையாதிருத்தல். நம் கண்ணெதிரே உள்ள கிண்டி வனத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்திருந்த அவ்வனம் ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்புடையதாக இருந்தது. 1910இல் அது காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. நாடு விடுதலை அடைந்த பின்னர், உயர்கல்வி நிலையங்களுக்கும் தலைவர்களின் நினைவாலயங்களுக்கும் அவ்வனத்திலிருந்து பகுதி பகுதியாக நிலம் வழங்கப்பட்டது. 1956இல் காந்தி மண்டபம் எழுந்தது. 1959இல் தொழில்நுட்பக் கழகம் தொடங்கியது. 1978இல் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்தது ஏறத்தாழ 270 ஹெக்டேரே. கல்வியும் நன்றியுணர்ச்சியும் நற்காரியங்கள் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. நற்காரியம் ஒவ்வொன்றும் தனித்து வந்து சிறிது நிலம் கேட்கும்போது மறுப்பதற்கு மனம் வருவதில்லை. ஆனால் அத்தனை நற்காரியங்களும் சேர்ந்து ஒரு வனத்தைப் பாதியாக்கிவிடுகின்றன. அப்படிக் கேட்பாரிடம், "கொடுக்க எமக்கு அதிகாரமில்லை" என்று சொல்லும் ஒரு விதி முன்கூட்டியே இருந்தாலன்றி இது நிற்காது.

இங்கிலாந்தில் தேசிய அறநிலையம் என்னும் அமைப்பு 1895இல் தோன்றியது. அவ்வாண்டிலேயே ஃபேன்னி டால்பட் என்னும் அம்மையார் வேல்ஸ் நாட்டுக் கடற்கரைக் குன்றொன்றில் ஐந்து ஏக்கருக்கும் குறைவான நிலத்தை அதற்கு வழங்கினார். அவ்வமைப்பிற்குக் கிடைத்த முதல் நிலம் அதுவே. 1907இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினால், தன் நிலங்களை எக்காலத்தும் விற்கவோ அடகு வைக்கவோ இயலாதவையாக அறிவிக்கும் உரிமையை அவ்வமைப்பு பெற்றது. சிறு நிலத்தைக் கொடுத்த அம்மையாரின் எண்ணம் இன்றும் நிலைத்திருப்பதற்கு அச்சட்டம் அரணாக நிற்கிறது. நம் தானப் பத்திரங்களில் "திறந்த வெளிக்கென" என்ற சொற்களோடு நின்றுவிடாமல், இன்ன பயனுக்கு மட்டும், இத்தனை சதுர அடிக்கு மேல் கட்டடமில்லை, பிற பயனுக்கு மாற்றலாகாது என்று எழுதிவைத்தல் அவசியமாகும். பத்திரம் எழுதும் நாளில் ஒரு வரி சேர்ப்பது எளிது. ஐம்பது ஆண்டு கழித்து நீதிமன்றப் படியேறி அவ்வரியைத் தேடுவது அரிது.

இரண்டாவதாக வேண்டுவது, பராமரிப்பிற்கான நிலையான பொருள். இதில் நம் முன்னோர் நம்மைவிடத் தெளிவுடையோராக இருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலில் நுந்தாவிளக்கு ஒன்று எரிவதற்கென 90 அல்லது 96 ஆடுகளை விட்டுச்சென்றவர்களைக் காண்கிறோம். ஆடுகளைப் பெற்ற இடையன் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். கிழட்டு ஆட்டிற்கு ஈடாகக் குட்டி வளர்ந்துவிடும். மந்தையின் எண்ணிக்கை குறையலாகாது. அதனாலேயே அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். முதலைத் தொடாமல் அதன் பெருக்கத்தைக் கொண்டு தருமம் நடத்தும் முறையை இதனினும் சுருக்கமாக எவர் சொல்ல முடியும்? திருநந்தவனம் அமைத்தவர்களும் தோட்டத்தோடு நில்லாமல், அதற்கு நீர் இறைப்பாருக்கும் பூப்பறிப்பாருக்கும் சீவனமாகத் தனியே விளைநிலம் விட்டனர். தோட்டம் வேறு, தோட்டக்காரனின் சோறு வேறு என்று அவர்கள் எண்ணியதில்லை.

இன்று நாம் செய்வது இதற்கு மாறாக இருக்கிறது. பூங்கா அமைக்கக் கோடிக்கணக்கில் ஒதுக்கப்படுகிறது. பின்வரும் ஆண்டுகளில் களை எடுப்பதற்கும், வாய்க்கால் தூர்வாருவதற்கும், காவலாளின் சம்பளத்திற்கும் ஆண்டுதோறும் கையேந்த வேண்டியிருக்கிறது. அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய 58 ஏக்கர் நிலத்தில் அமைந்து 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவை இங்குக் குறிப்பிடலாம். இடிபாடும் குப்பையும் குவிந்து கிடந்த சதுப்பு நிலத்தைத் துப்புரவாக்கி, நீர் வந்து போகும் வழிகளை மீட்டு, இக்கரைக்கே உரிய மரவகைகளை நட்டு, பறவைகளை மீண்டும் அழைத்த பெருமுயற்சி அது. நகரத்தின் நடுவே அழிந்த ஈரநிலத்தை மீட்கலாம் என்பதற்கு அதுவே சான்று. அப்பூங்காவைப் பார்த்துக்கொள்ளத் தனியே ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தப்பட்டது என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வேறு பல அலுவல்களுக்கிடையே பூங்காவையும் கவனிக்கும் ஓர் அலுவலகத்தைக் காட்டிலும், அதையே தன் கடமையாகக் கொண்ட ஓர் அமைப்பு மேலானது. எனினும் சிறு நிலங்களுக்கெல்லாம் அரசாங்கம் தனித்தனியே அறக்கட்டளை நிறுவும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவற்றிற்கு வேறு வழி காணவேண்டும்.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு அவ்வழி புதிதன்று. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் திரூரிலும் திருவல்லிக்கேணியிலும் முதற்சங்கங்கள் தோன்றிய காலந்தொட்டு, நிகர லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளாமல் ஒரு பகுதியைச் சேம நிதிக்கு ஒதுக்குதல் நம் மரபாக இருந்து வருகிறது. அந்நிதி எந்தத் தனி அங்கத்தினருக்கும் உரியதன்று. நாளை சேரப்போகும் அங்கத்தினருக்கும் அதில் உரிமையுண்டு. தானமாக வரும் ஒவ்வொரு பூங்காவிற்கும் இத்தகைய சேம நிதி ஒன்றை நிலத்தோடு சேர்த்தே பெறவேண்டும் என்பது நம் கருத்து. பெருங்கட்டடம் எழுப்பி இலாபம் பெறுபவர், விதி கட்டாயப்படுத்துவதால் நிலத்தைக் கொடுக்கிறார். அந்நிலம் பசுமையாக இருந்தால் அவருடைய கட்டடத்திற்கே மதிப்பு உயரும். ஆகவே சிறுதொகை ஒன்றை முதலாக வைக்கும்படி கேட்பது அநியாயமாகாது. அம்முதலின் வட்டியையும் உள்ளாட்சியின் ஆண்டு மானியத்தையும் கொண்டு பராமரிப்பு நடக்கட்டும். முதலை எவரும் தொடாதிருக்கட்டும்.

மூன்றாவதாக வேண்டுவது, நிலத்தை அறிதல். பூங்கா என்றவுடன் மரக்கன்று நடுவிழா ஒன்றையே நாம் நினைக்கிறோம். இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே கண்டலமை சாலையில் ஏறத்தாழ 35 ஏக்கர் பரப்புள்ள மரச்சோலை ஒன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டத் துரையாக இருந்து ஓய்வுபெற்ற சாம் போப்பம் என்பவர் 1963இல் அங்கே பணியைத் தொடங்கினார். சேனைப் பயிரிட்டுக் கைவிடப்பட்ட முட்புதர்க் காடு அது. வழக்கமான முறையில் கன்று நட்டுக் காடு வளர்க்க முயன்றபோது அம்முயற்சி பலிக்கவில்லை. பின்னர் அவர் வேறொன்றைக் கண்டார். புதர்களுக்கிடையே அம்மண்ணுக்கே உரிய முதிரை, பாலை போன்ற மரங்களின் நாற்றுகள் தாமாகவே முளைத்து, நெருக்கத்தில் தலைதூக்க இயலாமல் நின்றன. அவர் முட்புதரை மட்டும் அளவறிந்து களைந்து, அந்நாற்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் கொடுத்தார். வேர்கள் ஏற்கெனவே மண்ணில் ஊன்றியிருந்தமையால் மரங்கள் விரைந்து எழுந்தன. இன்று அது வறண்ட பிரதேசக் காட்டிற்கு எடுத்துக்காட்டாக விளங்குகிறது. இரவில் தேவாங்கைக் காண்பதற்கென்றே அங்குச் செல்வோர் உண்டு.

பின்னர் அவர் அச்சோலையைக் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவனத்திற்கு வழங்கினார். இதில் நாம் கற்கவேண்டியது இரண்டு. நிலத்தை வழங்குமுன்னரே அதை நடத்தும் முறையைக் கண்டறிந்து, அதையும் சேர்த்தே அவர் கொடுத்தார். நூலாகவும் அம்முறையை எழுதி வைத்தார். மற்றொன்று, ஆராய்ச்சியில் அக்கறையுள்ள ஓர் அமைப்பைத் தேடி அதனிடம் ஒப்படைத்தார். இவ்விரண்டும் இருந்ததால், கொடுத்தவருக்குப் பின்னும் சோலை நிற்கிறது.

இயற்கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் போதாதா, மனிதன் ஏன் கைவைக்க வேண்டும் என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் நியாயமில்லாமலில்லை. ஆனால் அனுபவம் வேறுவிதமாகச் சொல்கிறது. இராஜஸ்தானத்தில் பரத்பூரில் உள்ள பறவைகள் சரணாலயம் முன்பு மன்னரின் வேட்டைக்களமாக இருந்தது. அது தேசியப் பூங்காவானபின் 1982இல் சுற்றுப்புறக் கிராமங்களின் எருமைகள் உள்ளே மேய்வதைத் தடை செய்தனர். அதையொட்டி எழுந்த கலவரத்தில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அத்துணைத் துன்பத்திற்குப் பிறகு நடந்ததென்ன? மேய்வாரற்ற நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து நீர்ப்பரப்பை மூடியது. பறவைகளுக்கு இரைதேட இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டு ஆராய்ந்து, எருமைகளின் மேய்ச்சல் அச்சதுப்பு நிலத்திற்குத் தீங்கு செய்ததைவிட நன்மையே செய்து வந்தது என்று கண்டனர்.

இங்கிலாந்தில் விக்கன் என்னும் சதுப்பு நிலத்திலும் இதுவே பாடம். தேசிய அறநிலையம் 1899இல் பெற்ற இயற்கைக் காப்பிடம் அது. கூரை வேய்வதற்கென மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கோரை அறுத்து வந்தனர். அறுப்பு நின்றதும் புதர் மண்டி, திறந்த சதுப்பை நம்பியிருந்த செடிகளும் பூச்சிகளும் இடமிழந்தன. மீண்டும் முறைப்படி கோரை அறுத்தே அந்நிலத்தைக் காக்கவேண்டியதாயிற்று. பாய் நெசவு அறிந்த நம் அங்கத்தினர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பருவமறிந்து அறுத்த கோரை மறுபடி தழைக்கும். அறுக்காமல் விட்ட கோரை தானே மக்கி வழியை அடைக்கும். கிண்டி வனத்திலுள்ள வெளிமானுக்கும் திறந்த புல்வெளியே உயிர். அங்கே ஆர்வத்தால் மரத்தை நெருக்கி நட்டால் மானின் மேய்ச்சல் தரையைப் பறிப்பதாகும். எங்கே நடுவது, எங்கே களைவது, எங்கே சும்மா இருப்பது என்பதை நிலத்தைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். விழாவிற்கு நாள் குறித்தபின் முடிவு செய்தல் ஆகாது.

நான்காவதாகவும் முதன்மையாகவும் நாம் கருதுவது, பரிபாலிப்பவர் யார் என்பது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நாம் பெருமையோடு எடுத்துப் பேசுகிறோம். அவற்றில் ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியம் என்ற ஒன்றும் இருந்ததைச் சிலரே கவனிக்கிறோம். தோட்டத்திற்கெனத் தனிக்குழு, குடவோலையால் தெரிவு, 360 நாள் பதவிக்காலம் என ஏற்பாடு செய்திருந்தனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிவுக்கு நிற்க இயலாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க இயலாது. அச்சபையில் ஊரார் அனைவருக்கும் இடமிருக்கவில்லை என்பது உண்மையே. அக்குறையை நம் காலம் ஏற்காது. ஆனால் கணக்குக் காட்டாதவன் பொதுச்சொத்தின் பக்கம் வரலாகாது என்ற விதியை எக்காலமும் ஏற்கும்.

நம் காலத்திலேயே, நம் நகரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை அடுத்துக் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தில், 'நிழல்' என்னும் தொண்டமைப்பினர் 2006ஆம் ஆண்டு மரப்பூங்கா ஒன்றை உருவாக்கத் தொடங்கினர். நிலம் அரசாங்கத்தினுடையது. உழைப்பு அக்கம்பக்கத்தாருடையது. வாரந்தோறும் கூடி மண்வெட்டி பிடித்தவர்களில் முதியோரும் மாணவரும் இருந்தனர். நாட்டு மரங்களையே தேர்ந்து நட்டு, சருகை எரிக்காமல் மக்கவைத்து உரமாக்கினர். பெருந்தொகை இல்லாமலும், தொடர்ந்து வருவோர் இருந்தால் சோலை எழும் என்பதை அவர்கள் நிலைநாட்டினர்.

வேடந்தாங்கலோ இதனினும் பழமையான சான்று. அவ்வூர் உழவர்கள் நெடுங்காலமாக ஏரியில் தங்கும் பறவைகளைக் காத்து வந்தனர். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதைப் பொறாமல் அவர்கள் முறையிட, 1798ஆம் ஆண்டிலே செங்கற்பட்டுக் கலெக்டர் பிளேஸ் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் அளித்தார். உழவர்களுக்கு இதில் நலமும் இருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாயிற்று. பறவை தங்கினால் நெல் விளையும் என்பதை அறிந்தவர்களுக்குக் காவலாளி தேவைப்படவில்லை. பூங்காவினால் சுற்றியுள்ளோர்க்கு நேர்மையான நலம் ஒன்று கிடைக்குமாறு அமைப்பதே அதைக் காக்கும் உறுதியான வேலி.

பொதுமக்களை நம்பினால் பூங்கா பாழாகும், அதிகாரிகளே நடத்தட்டும் என்று கூறுவோரும் உண்டு. ஆள் நடமாட்டமில்லாத பொது நிலத்தை ஆக்கிரமிப்பவர் யாரென்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். மறுபுறம், மக்கள் குழுவிடம் ஒப்படைத்தால் சிலரே நாட்டாமை செய்து, தமக்கு வேண்டியவர்க்கு வாயிலைத் திறந்து பிறர்க்கு அடைப்பார்கள் என்ற அச்சமும் நியாயமானதே. உழைப்பாளர் குடியிருப்புச் சிறுவர்கள் விளையாட வந்தால் விரட்டும் பூங்காக் குழுவும் உலகில் இல்லாமலில்லை. சங்கங்களை நடத்திப் பழகிய நாம் இந்நோயை நன்கறிவோம். அதற்குரிய மருந்தையும் அறிவோம். திறந்த அங்கத்துவம், ஆளுக்கொரு வாக்கு, கால எல்லையுள்ள பதவி, பிறர் தணிக்கை செய்யும் கணக்கு ஆகியவையே அம்மருந்து.

மேற்கூறியவற்றைக் கொண்டு, தானமாக வரும் சிறு பூங்கா ஒவ்வொன்றிற்கும் பின்வரும் ஏற்பாட்டை நாம் முன்வைக்கிறோம். நிலம் கைமாறிய முதலாண்டில் எந்தக் கட்டடமும் எழுப்பலாகாது. ஐப்பசி கார்த்திகையில் மழைநீர் எங்கே நிற்கிறது, சித்திரையில் எந்த மரம் பசுமையாக இருக்கிறது, எவை தாமே முளைக்கின்றன, எந்தப் பறவைகள் வருகின்றன என்பதை ஓராண்டு முழுவதும் பார்த்துக் குறித்தல் வேண்டும். அருகிலுள்ள பள்ளி மாணவர்களே தாவரவியல் அறிந்த ஓர் ஆசிரியரின் துணையோடு இதைச் செய்யலாம்.

அதன் பின்னர் நிலத்தை மூன்று கூறாக்குக. ஒரு கூறு, நீர்ப்பள்ளமும் புதரும் அமைந்த பகுதி. அங்கே மனிதர் நடமாட்டம் குறைவாக இருக்கட்டும். மற்றொரு கூறு, பயன்தரும் பகுதி. அவுரி, சாயவேர் முதலிய சாயச்செடிகளையும், நாட்டுக் காய்கறி விதைகளையும், கோரையையும் அங்கே வளர்த்து, நாற்றுகளைக் குறைந்த விலைக்கு விற்கலாம். நெசவாளர்க்கும் தோட்டக்காரர்க்கும் அது பள்ளிக்கூடம் போலவும் அமையும். மூன்றாவது கூறு, நடக்கவும் அமரவும் குழந்தைகள் ஓடவும் உரிய பகுதி. இதில் வாயில் எவர்க்கும் அடைபடலாகாது. திருமணத்திற்கும் விளம்பர விழாவிற்கும் வாடகைக்கு விடும் ஆசையை விதியாலேயே தடுத்துவிடல் நன்று. சிறுவருவாய் கருதி அவ்வழியில் இறங்கினால், ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் இடம்விட்டு மரங்கள் விலக நேரும்.

நிர்வாகக் குழுவில் உள்ளாட்சியின் அலுவலர் ஒருவர், தாவரம் அறிந்தவர் ஒருவர், சுற்றியுள்ள அடுக்குமாடிவாசிகள், குடிசைப் பகுதி மக்கள், பள்ளி, கூட்டுறவுச் சங்கம் ஆகியோரின் பிரதிநிதிகள், தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளர் ஒருவர் ஆகியோர் இடம்பெறுக. தொழிலாளரை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பற்றி முடிவு செய்யும் குழு அரைக்குருடே. மூன்றாண்டுக்கொரு முறை தெரிவு நடைபெறுக. வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் வாயிற் பலகையில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு அருகிலேயே இன்னொரு கணக்கும் இருத்தல் வேண்டும். இவ்வாண்டு எத்தனை வகைப் பறவை, பட்டுப்போன மரம் எத்தனை, கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு என்ற கணக்கு அது. பணக்கணக்கு சரியாக இருந்தும் இக்கணக்கு ஆண்டுக்காண்டு இறங்கி வருமானால், குழு பொதுமக்களுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது.

இவ்வளவு நிபந்தனை வைத்தால் தானம் கொடுக்க எவரும் முன்வரமாட்டார் என்று ஒரு வாதம் எழலாம். விதிப்படி கொடுத்தாக வேண்டிய நிலத்திற்கு இவ்வாதம் பொருந்தாது. மனமுவந்து கொடுப்பவரோ தம் எண்ணம் நிலைக்கும் என்ற உறுதியைக் கண்டால் மேலும் மகிழ்வார். ஆகவே நிலத்தை மறுக்கும்படி நாம் கூறவில்லை. நிலம் வரட்டும். ஆனால் பரிபாலனத் திட்டம் எழுதி முடியும்வரை திறப்பு விழா வேண்டாம் என்கிறோம். விழா முடிந்த மறுநாள் திட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவோர் மிகச் சிலரே.

இவ்விஷயத்தில் நம் சங்கங்கள் செய்யக்கூடியது யாது? அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதை விவாதித்து, தம் பகுதியில் தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு வந்துள்ள திறந்தவெளி நிலங்கள் எவை, அவை இன்று எந்நிலையில் உள்ளன என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டுகிறோம். தகவல் அறியும் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பட்டியல் கிடைத்தபின் ஒரே ஒரு நிலத்தையேனும் தேர்ந்து, மேற்கூறிய முறையில் நடத்துவதற்கு உள்ளாட்சி மன்றத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள முயல்வோம். வடபழனியில் அரை ஏக்கர் நிலம் இவ்வாறு நன்றாக நடந்தால், அடுத்த நிலத்திற்கு வேறு எவரும் வாதாட வேண்டியிராது. மழைக்காலம் தொடங்குமுன் பட்டியலை முடித்துவிட்டால், நீர் எங்கே தேங்குகிறது என்பதை இவ்வாண்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.